ஃபோட்டோவுக்கு ஏறிய வண்டி

வண்டி வாங்கிய அன்று ஷோரூமில் என்னைத்தான் ஏற்றி உட்கார வைத்தார்கள். வயதானவர்கள் மின்சார வண்டி வாங்கினால் அரசாங்கம் மானியம் தருகிறது. அதற்கு, வாங்குகிறவர் வண்டி மேல் உட்கார்ந்திருக்கிற ஃபோட்டோ வேண்டுமாம். தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, "பாட்டிம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றான் கடைக்காரன். சிரித்துத் தொலைத்தேன். படம் எடுத்து முடித்ததும் என் மகன், "எறங்குமா" என்றான். இறங்கினேன். அவன் ஏறிக்கொண்டான். அன்றைக்கு இறங்கியவள்தான், அப்புறம் அந்த வண்டிப் பக்கமே என்னை விடவில்லை.

நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறேன். விடிவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். மகன் பக்கத்துக் கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறான். அவனுக்குத் தெருமுனைக்கே கம்பெனி பஸ் வரும். கான்ட்ராக்டில் கேன்டீன் வேலை செய்கிற எங்களை எந்த பஸ்ஸும் ஏற்றாது. கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகிற வாலாஜாபாத் ரோட்டில், வலிக்கிற முழங்காலை இழுத்துக்கொண்டு நடப்பேன். அதற்காகத்தானே வண்டி! லைசென்ஸ்கூடத் தேவையில்லாத, மெதுவாகப் போகிற வண்டியாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். ஆனால் எங்கள் வீட்டுத் துரைக்கு பஸ்ஸுக்காகச் சீக்கிரம் எழ முடியவில்லையாம். வண்டிச் சாவி அவன் பாக்கெட்டுக்குப் போய்விட்டது.

கேட்டால், "நீ இன்னாத்துக்கு ஓட்டப் போற? வுழுந்து கிழுந்து வெச்சா யாரு பாக்கறது?" என்பான். மானியம் கொடுத்த புண்ணியவான்களாவது ஒருநாள் வந்து, கிழவிதான் ஓட்டுகிறாளா என்று எட்டிப் பார்த்தார்களா? ஃபோட்டோ கிடைத்தது, அவர்கள் வேலை முடிந்தது.

போன வாரம் கேன்டீன் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். "இன்னொரு வாட்டி லேட்டா வந்தீன்னா வேலைக்கே வராதம்மா. எத்தினியோ பேரு வேலை கேட்டுக்கினு நிக்கறாங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்தேன். ஊருக்கு வெளியே ரோடு மட்டும் போட்டு, ஒரு வீடும் வராத மனை இடம் இருக்கிறது. அதுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு காலத்தில் சைக்கிள் ஓட்டிய உடம்பு. இதில் கியர் இல்லை, முறுக்கினால் போகிறது. ஒரு தடவை எல்லைக்கல்லில் முட்டினேன், அவ்வளவுதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணினான் என்று கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் அவன் எழுவதற்கு முன்பே சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பிவிட்டேன். கேன்டீன் வாசலில் ஸ்டாண்ட் போடும்போது போன் அடித்தது.

"யம்மா, வண்டி எங்கமா?"

"எங்கிட்டதான் கீது. பஸ்ஸு வர்ற நேரம், முனையில போய் நில்லு."

"உனுக்கு இன்னா பைத்தியமா? வழியில வுழுந்திருந்தா யாரு பாக்கறது?"

"இத்தினி நாளா இருட்டுல நடந்து வந்தேனே, அப்ப யாருடா பாத்தது?"

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். சூப்பர்வைசர் இன்னும் வந்திருக்கவில்லை.