முப்பத்தோராம் நாள் வீடு கழுவியது

தம்பி இறந்த செய்தி வந்து ஒரு கிழமைக்குள் நான் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் ப்ரஷர் வாஷர் மிஷின் ஒன்று வாங்கக் கடைக்குப் போனேன். வேறு மனிதர்கள் அழுவார்கள், குடிப்பார்கள், சுவரில் தலையை மோதுவார்கள். எனக்கு அதொன்றும் வரவில்லை. எங்கள் மவுண்ட் ரோஸ்கில் வீட்டின் தெற்குச் சுவரில் பாசி பிடித்திருந்தது. பூமியின் தென்பாதியில் கிடக்கும் இந்த ஊரில் தெற்குப் பக்கம் வெயில் எட்டியும் பார்க்காது. இரண்டு வருடமாகக் கண்ணில் படாத அந்தப் பாசி அந்தக் கிழமை என் கண்ணை உறுத்தியது.

செய்தி வந்தது ஒரு சனிக்கிழமை. கொழும்பிலிருந்து மாமாவின் மகன் போன் எடுத்திருந்தான். ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், நேரே எடுக்க வழியில்லை.

"மச்சான், மாமி பக்கத்திலை நிக்கிறாவோ?" என்று என் அம்மாவைப் பற்றிக் கேட்டான்.

"இல்லை. என்ரை மனிசியோடை கடைக்குப் போட்டா. ஏன்?"

"மச்சான், சின்னவன் இல்லையடா."

"எங்கை போட்டான்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்ட மடையன் நான்தான். முப்பத்தைந்து வருடமாகத் தமிழ் பேசுகிறேன், 'இல்லை' என்றால் என்னவென்று அந்த நேரத்தில் விளங்கவில்லை. மறுமுனையில் அவன் அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. இரண்டு நாளுக்கு முன், சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது ஷெல் விழுந்திருக்கிறது. அன்றைக்கே எரித்தும் விட்டார்களாம். "சரி" என்றேன். "சரி, சரி, வைக்கிறன்" என்றேன். பிறகு குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று அன்றைக்கே நானும் மனைவியும் முடிவெடுத்துவிட்டோம். அம்மாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து ஏழு கிழமைதான் ஆகியிருந்தது. அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது மட்டுமில்லை. அம்மா உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததே சின்னவன் ஒருநாள் இங்கே வந்து இறங்குவான் என்ற ஒரே எண்ணத்தில்தான்.

"கொஞ்சம் தேறட்டும், பிறகு சொல்லுவம்" என்றாள் மனைவி. நானும் தலையாட்டினேன். 'பிறகு' என்பது எவ்வளவு வசதியான சொல்! கடிதம் வராததற்குச் சண்டையைக் காரணம் காட்டலாம். பொய் சொல்வதற்கு அந்தக் காலத்தைப் போல வாய்ப்பான காலம் வேறில்லை.

துடக்குத்தான் பெரிய தலையிடி. ஒரு சாவு விழுந்தால் எங்கள் ஆட்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. விளக்கேற்றக்கூடாது, சாமிப் படத்தைத் தொடக்கூடாது, கோயில் பக்கம் போகக்கூடாது, மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கக்கூடாது. முப்பத்தோராம் நாள் வீடு முழுக்கக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தால்தான் அது கழியும். எனக்குக் கடவுள் நம்பிக்கை அப்படியொன்றும் பெரிதாகக் கிடையாது. ஆனால் தம்பிக்கு நான் செய்யக்கூடியதாக மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அவன் பிணத்தையும் பார்க்கவில்லை, கொள்ளியும் வைக்கவில்லை. துடக்கையாவது ஒழுங்காகக் காக்கலாம் என்று நினைத்தேன், அதுவும் காதும் காதும் வைத்தாற்போல.

மனைவி மீனை நிறுத்திவிட்டு, "உங்கடை நெஞ்சுக்கு மரக்கறிதான் நல்லதாம், மாமி" என்றாள். கோயிலில் பூசை என்றால் எனக்கு மங்கரே விமான நிலையத்தில் வேலை வந்துவிடும். விமானச் சரக்குக் கொட்டகையில் ஷிஃப்ட் மாறிவிட்டது என்று கூசாமல் சொன்னேன். ஆனால் விளக்கை எப்படி நிறுத்துவது? இங்கே வந்த நாளிலிருந்து சாமி அலுமாரி அம்மாவின் பொறுப்பு. பின்னேரம் ஆறு மணிக்குக் கால் முகம் கழுவி, விளக்கைக் கொளுத்தி, கண்ணை மூடி, "என்ரை சின்னவனைப் பத்திரமாய் வைச்சிரு அப்பனே" என்று வாய்விட்டுக் கும்பிடுவார். நான் பின்னால் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் நாள் அம்மாவின் முதுகைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தேன். நாலைந்து நாளில் அதுவும் பழகிவிட்டது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மிஷின் வாங்கப்போன கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன், நடுங்கும் குளிரில் அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு நின்றான். எதைக் கழுவப்போகிறீர்கள் என்று கேட்டான். வீட்டை என்றேன். வீடு என்னத்தால் கட்டியது என்றான். அட, இதென்ன கேள்வி என்று எரிச்சல் வந்தது. பிறகு பார்த்தால் அவன் கேட்டதுதான் சரி. பெற்றோலில் ஓடும் பெரிய மிஷின் கொங்கிறீட்டுக்கும் டிராக்டருக்குமாம். மரப்பலகைச் சுவருக்கு அதைக் காட்டினால் பெயின்டையும் உரித்து, மரத்தையும் நார்நாராகக் கிழித்துவிடுமாம். மின்சாரத்தில் ஓடும் சின்னதைக் காட்டினான். தண்ணீரை ஊசியாக அடிக்க ஒரு முனை, விசிறியாக அடிக்க ஒரு முனை. சவர்க்காரம் ஊற்ற ஒரு போத்தல். வீட்டுக்கு விசிறி முனைதான், ஒரு மீட்டர் தள்ளி நில், மேலிருந்து கீழே அடி, கீழே நின்று மேல்நோக்கி மட்டும் அடிக்காதே, பலகை இடுக்கால் தண்ணீர் உள்ளே போய்ச் சுவர் உக்கிவிடும் என்றான். இவ்வளவு பொறுமையாக அந்த மாதம் என்னோடு யாரும் பேசவில்லை. வாடகைக்கு எடுத்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். எனக்கு அது பல நாள் தேவைப்படும் போலத் தோன்றியது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"பால் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டெல்லோ அனுப்பினனான்?" என்றாள் மனைவி. மிஷினைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பாலுக்கு அவளே தெருமுனை டெய்ரிக் கடைக்கு நடந்து போனாள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவினேன். முதலில் கார் நிறுத்தும் கொங்கிறீட் பாதை. ஊசி முனையைப் போட்டு விசையை அழுத்தினால், கறுத்துக் கிடந்த கொங்கிறீட்டில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு விழும். பக்கத்தில் இன்னொரு கோடு. இடைவெளி விட்டால் வரிக்குதிரை மாதிரி அசிங்கமாகத் தெரியும், ஆகவே கவனமாக ஒன்றோடொன்று முட்ட அடிக்கவேண்டும். அந்த இரண்டு மணித்தியாலமும் தலைக்குள் ஒன்றுமே ஓடாது. இரைச்சல், கை அதிர்வு, கோடு, அவ்வளவுதான். நிறுத்திய பிறகும் கை மரத்துப்போய் இருக்கும். கிள்ளினாலும் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு வேலியைக் கழுவினேன். குப்பைத் தொட்டியைக் கழுவினேன். கழுவத் தேவையில்லாத தபால் பெட்டியைக் கழுவி, அதன் இலக்கத்தையும் உரித்தெடுத்தேன்.

பக்கத்து வீட்டு மலேசியக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், நல்ல மனிதர். "என்ன சார், வாட்டர் ஜெட்டா? தண்ணிய இப்படி அடிச்சா ரோடே பேர்ந்து வந்திரும் லா" என்றார். சிரித்தேன். "உங்க தம்பி எப்படி இருக்காரு? அங்க ரொம்ப மோசம்னு நியூஸ்ல சொல்றானே?" என்றும் கேட்டார். மிஷின் இரைச்சலில் கேட்காததுபோலக் காதைக் காட்டிவிட்டுக் கையசைத்தேன். இந்த மிஷினுக்கு அப்படியும் ஒரு பயன் இருந்தது.

முப்பத்தோராம் நாளும் ஒரு சனிக்கிழமையாகவே வந்தது. ஊரில் என்றால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சீமெந்து நிலத்தைக் கழுவித் தள்ளலாம். இங்கே சுவருக்குச் சுவர் காப்பெற் விரிப்பு. அதில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் மூன்று மாதத்துக்குப் பூஞ்சணம் மணக்கும். உள்ளே கழுவ முடியாது, ஆகவே வெளியே கழுவுவோம் என்று தீர்மானித்தேன். நான்தான் மூன்று சனிக்கிழமையாகக் கழுவிக்கொண்டிருக்கிறேனே, யாருக்குச் சந்தேகம் வரும்? கழுவும்போது மஞ்சளும் சேரவேண்டும். அம்மா பார்க்க மாவிலையும் செம்புமாக வீட்டைச் சுற்றித் தெளித்துக்கொண்டு வரமுடியுமா? குசினியில் இரண்டு கரண்டி மஞ்சள்தூளைக் கரைத்து, தூள் முனையை அடைக்காமல் தேநீர் வடியில் வடித்து, பாதி சவர்க்காரம் மிச்சமிருந்த மிஷின் போத்தலுக்குள் ஊற்றினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மஞ்சள் கறை பட்ட சட்டைக்குச் சவர்க்காரம் போட்டால் கறை சிவக்கும். எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கு நினைவு வரவில்லை. முன்பக்கச் சுவரில் விசிறி முனையால் மேலிருந்து கீழாக, கடைக்காரன் சொன்னபடியே ஒழுங்காக அடித்தேன். வெள்ளைப் பலகைகளில் சிவப்பு வழிந்தது. பலகைக்குப் பலகை சொட்டி, யன்னல் சட்டத்தில் தேங்கி, படிக்கட்டுக்கு இறங்கியது. நான் விசையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயோ என்று கூடத் தோன்றவில்லை. நல்ல தண்ணீர் அடித்தால் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஸ்வெட்டரும் சொக்ஸுமாகப் படியில் நின்று சுவரைப் பார்த்தார்.

"இதென்ன மோனை, ரத்தம் மாதிரி?"

"சவுக்காரம், அம்மா. நீங்கள் உள்ளுக்குப் போங்கோ, குளிருது."

அம்மா போகவில்லை. சுவரில் ஒரு விரலை வைத்து எடுத்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மஞ்சளை மணந்தார். பிறகு கழுவிக் கிடந்த பாதையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். கோப்பை ஒன்றும் கீழே விழவில்லை. அதைச் சிந்தாமல் படியில் வைத்தார்.

"எத்தினையாம் நாள்?" என்று கேட்டார்.

யார் என்று கேட்கவில்லை. இன்னொரு பொய்யைத் தேடினேன், சத்தியமாகத் தேடினேன், கிடைக்கவில்லை.

"முப்பத்தொண்டு" என்றேன்.

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, கணக்குப் பார்ப்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"ஒவ்வொரு நாளும் நான் விளக்குக் கொளுத்தினனான். அவன்ரை உயிரைக் காப்பாத்து எண்டு கேட்டனான். நீ பின்னாலை நிண்டனி."

"ஓம்."

"செத்த பிள்ளைக்கு ஆயுசு கேக்க விட்டிட்டு, நீ பாத்துக்கொண்டு நிண்டனி."

"உங்கடை நெஞ்சுக்கு ஏதும் நடந்திடுமெண்டு பயந்து..."

"என்ரை நெஞ்சு ஆற்றையடா? உன்ரையோ?" என்றார். அம்மா என்னிடம் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "பெத்தவளுக்குத் தெரியாமல் துடக்குக் கழிக்கிறாய். உனக்கு இண்டையோடை முடிஞ்சுது. கழுவி முடிச்சிட்டாய். எனக்கு இண்டைக்குத்தான் முதல் நாள்."

யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தார். நான் கை கொடுக்கப் போனேன். தட்டிவிட்டார். உள்ளே போய் மனைவியிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு குரல் வெடித்தது. "என்ரை சின்னவனே, என்ரை குஞ்சே" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அம்மா அழத் தொடங்கினார். மலேசியக்காரர் வேலியோரம் வந்து நின்றார், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அம்மாவின் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாங்காது என்று முடிவுகட்டியது நாங்கள்தான். நான் அப்போதே உள்ளே போயிருக்கவேண்டும். காலில் விழுந்திருக்கவேண்டும், பக்கத்தில் இருந்து சேர்ந்து அழுதிருக்கவேண்டும். மனைவி யன்னலால் தலையை நீட்டி, "வாங்கோவன் உள்ளுக்கு, மாமி உங்களைத்தான் கூப்பிடுறா" என்றாள்.

நான் சவர்க்காரப் போத்தலைக் கழற்றி வைத்தேன். நல்ல தண்ணீருக்கு மாற்றி விசையை அழுத்தினேன். மிஷின் இரைந்தது. அந்த இரைச்சலில் அம்மாவின் குரல் கேட்கவில்லை. சிவப்பெல்லாம் போய்ச் சுவர் வெள்ளையான பிறகும் நான் விசையை விடவில்லை.