காலியாக இருந்த மாத்திரைப் பெட்டி

தம்பிக்கு வலிப்பு வந்த நாளிலிருந்து அவன் மாத்திரைகளுக்கு நான்தான் பொறுப்பு. அவன் ராயபுரத்தில் தனியாக இருக்கிறான். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷினில் வேலை. நான் காலடிப்பேட்டையில். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போவேன். பதினான்கு அறைகள் உள்ள பெட்டியில் ஒரு வாரத்து மாத்திரைகளைக் காலை, இரவு என்று பிரித்து அடுக்குவேன். போன வாரத்தில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் திட்டு விழும். எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துவைக்கும் என் டைரியிலும் ஏறும்.

அந்த ஞாயிறு பெட்டி முழுக்கக் காலி.

"இன்னாக்கா, செக்கிங் முட்ச்சிட்டியா? ஒண்ணாவது மிச்சம் கீதா பாரு."

"இப்பதான்டா உருப்படியா கீற" என்றேன். மணி 12.10. டைரியில் டிக் போட்டேன்.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தவன் வாந்தி எடுத்தான். துடைத்துக்கொண்டே சொன்னான்: "இந்த வாரம் காலைல போடவே இல்லக்கா. நீ வந்தா கத்துவியேன்னு ஏழு மாத்திரையையும் ஒட்டுக்கா முழுங்கிட்டேன். பத்து மணி இருக்கும்."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றில் கிடக்கும் மருந்தை உறிஞ்சக் கரித்தூளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். "தாரு ஊத்துறாங்கக்கா, ரோடு போடப் போறாங்க" என்று சிரித்தான். இரண்டு மணிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து அளவு மிக அதிகமில்லை என்றதும், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"இது மெதுவா கரையற மாத்திரைம்மா" என்றார் டாக்டர். இளம் பெண். "ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியா வயித்துல கிடக்கலாம். இந்த மருந்தே குடலையும் மந்தமாக்கிடும். கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல ஏறிட்டே இருக்கும். முதல் ரிசல்ட்ட நம்பக் கூடாது."

ஆறு மணி ரத்தத்தில் அளவு கூடியிருந்தது. திங்கள் காலை அதைவிடக் கூடியிருந்தது. புதிதாக எதையும் அவன் விழுங்கவில்லை; ஞாயிறு காலை விழுங்கியதுதான் இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கண்மணிகள் பக்கவாட்டில் துடித்தன. உட்கார வைத்தால் சரிந்தான். என்னை அம்மா என்று கூப்பிட்டான். எனக்கு டைரியைத் திறக்கக் கை வரவில்லை.

செவ்வாய் மாலை அளவு இறங்கத் தொடங்கியது. புதன்கிழமை டீ கேட்டான்.

"காலை மாத்திரைய ஏன் விட்டாரு? உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல டாக்டர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து டைரியைப் புரட்டினேன். நான்கு வாரங்களுக்கு முன், என் கையெழுத்தில்: "இரவு 8.20. தம்பி போன் செய்தான். காலை மாத்திரை போட்டால் மெஷின் பக்கத்தில் கண் சொருகுகிறதாம்." அடுத்த வரியில், மறுநாள் கேஸ் சிலிண்டர் வந்த நேரம்.

மறுநாள் அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் படித்தார், சீட்டில் மாத்திரையையும் நேரத்தையும் மாற்றி எழுதினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.