மூன்று கிலோவுக்குள் ஒரு மலை

எங்கள் ஊரின் பெயரில் மலை இருக்கிறது, ஊரில் இல்லை. விருத்தாசலம் என்றால் பழைய மலை என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் ஏறிப் பார்க்க எங்களுக்குக் கிடைத்த உயரமெல்லாம் ஜங்ஷனில் இருந்த நடைமேம்பாலம்தான். ஆகவே மேற்கே இருந்த கல்வராயன் மலையில் மூன்று நாள் நடப்பது என்று மாமா முடிவு செய்தபோது, அதற்கான பயிற்சியையும் அந்தப் பாலத்திலேயே வைத்துக்கொண்டார். பைக்குள் களிமண் உருண்டைகளைப் போட்டுக்கொண்டு அவரும் அத்தையும் நானும் பலமுறை ஏறி இறங்கினோம். ரயிலைத் தேடி அலைகிறோம் என்று நினைத்து ஒரு போர்ட்டர் கொஞ்ச தூரம் எங்கள் பின்னாலேயே வந்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. பீங்கான் பொம்மையும் கோப்பையும் செய்கிற ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்த்தார். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பட்டறைத் தோழர் ஒருவருக்கு மலைமேல் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர் வழிகாட்ட, மாமா, அத்தை, நான் என்று நாலு பேர் போவதாகத் திட்டம். ஜனவரி கடைசியில் குடியரசு தினத்தோடு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு.

யார் வீட்டிலும் போய்ச் சோற்றுக்கு நிற்கக் கூடாது என்பது மாமாவின் கொள்கை. அவரவர் சாப்பாட்டை அவரவர்தான் சுமக்க வேண்டும். எனக்கென்று தனியாக ஒரு நிபந்தனையும் போட்டார்.

“ஒன் எடையில பத்துல ஒரு பங்குதான் பாப்பா நீ தூக்கலாம். முப்பது கிலோ இருக்குற. மூணு கிலோவுக்கு மேல ஒரு கிராம் ஏறுனாலும் நீ வூட்டுலயே இருந்துக்க. பாதி வழியில பைய எங்கிட்ட நீட்டுற வேலையெல்லாம் ஆவாது.”

அன்று இரவே நோட்டில் கோடு போட்டேன். பை, போர்வை, துணி, சோப்பு, டார்ச் என்று எழுதிக் கூட்டியதில் இரண்டு கிலோ நூற்றைம்பது வந்தது. சாப்பாட்டுக்கு எண்ணூற்றைம்பது கிராம்தான் மிச்சம். அதில் மூன்று நாள். பொருள், எடை, ருசி, எத்தனை நாள் கெடாது என்று நாலு கட்டம் போட்டு ஒவ்வொன்றாக நிரப்பினேன். இன்றைக்கு ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்து நான் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான்.

எடைக் கட்டத்தை மட்டும் பார்த்ததால் முதல் பட்டியலில் பொரி முதலிடம் பிடித்தது. கால் கிலோ வாங்கி வந்து பையில் கொட்டினேன். பை நிறைந்துவிட்டது. போர்வை வெளியே கிடந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா டூட்டி முடிந்து வந்து அதைப் பார்த்தார்.

“எங்கடி போற, மலைக்கா, ஆயுத பூசைக்கா?”

பொரிக்கு எதிரே ‘இடம் அடைக்கும்’ என்று எழுதி அடித்தேன். ‘இடம்’ என்று ஐந்தாவது கட்டம் ஒன்றும் போட வேண்டியதாயிற்று.

அடுத்த யோசனையை மாமா பட்டறையிலிருந்து கொண்டுவந்தார். ஈரப் பொம்மை ஒரு எடை, காய்ந்த பொம்மை வேறு எடை. கனமெல்லாம் தண்ணீர்தான். சோற்றிலும் அப்படித்தானே இருக்கும்? தண்ணீரை எடுத்துவிட்டால் சோறு லேசாகிவிடும். இதுவரை சரி. ஆனால் தண்ணீரை எடுக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. பட்டறையில் களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வீணான அச்சுப் பலகை ஒன்றை வீட்டுக்குத் தூக்கிவந்து, கழுவித் துடைத்து, அம்மா வடித்து வைத்திருந்த சோற்றை அதன்மேல் பரப்பினார். நான் மணி பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

பலகை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இரண்டு மணி நேரத்தில் சோறு நன்றாக வற்றிவிட்டது. எடுத்து வாயில் போட்டால் சுவரை நக்கினதுபோல் இருந்தது. ஒவ்வொரு பருக்கையின் அடியிலும் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது.

அம்மா ஒரு பருக்கையை விரலில் தேய்த்துப் பார்த்தாள். “ஏண்டா, புள்ள வயித்துல பொம்மை வாக்கப் போறியா? தள்ளுங்க ரெண்டு பேரும்.”

அந்த நிமிடத்திலிருந்து காரியம் அம்மாவின் கைக்குப் போனது. வடகமும் வற்றலும் போடுகிற கைக்குச் சோறு காய வைப்பது பெரிய வேலையில்லை என்பது மாமாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உப்புப் போட்டுச் சோற்றைக் கொஞ்சம் குழைய வடித்து, நன்றாக அலசி, மொட்டை மாடியில் அப்பாவின் பழைய வேட்டிமேல் பரப்பினாள். இரண்டு நாள் வெயிலில் அது உடைந்த கண்ணாடித் தூள் மாதிரி கலகலத்தது. ஒரு கிலோ சோறு முந்நூற்றுச் சொச்சம் கிராமுக்கு இறங்கியிருந்ததைப் பட்டறைத் தராசில் பார்த்தபோது நான் கத்தியே விட்டேன்.

அதற்குமேல் அம்மா நிற்கவில்லை. புளியைக் கரைக்காமல் வறுத்து, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலையோடு பொடித்து, வெல்லமும் ஒரு சிட்டிகை சேர்த்தாள். சோற்றில் பொடியைக் கலந்து கொதிநீர் ஊற்றி மூடி, கால் மணி கழித்துத் திறந்தால் புளிச்சோறு. முதல் தடவை காரம் தூக்கலாக இருந்தது. இரண்டாம் தடவை உப்பு. மூன்றாம் தடவை நாங்கள் சொல்வதற்கு முன்பே அவளே முகத்தைச் சுளித்துவிட்டுப் பொடியை மறுபடி வறுத்தாள். ஐந்தாவது தடவை வைத்ததை அப்பா, மலைச் சாப்பாடு என்று தெரியாமலேயே இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

என் பட்டியலில் இருந்த பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

“எல்லாத்தயும் காய வச்சுட்ட. நடக்கறப்போ பசிச்சா தண்ணிக்கு எங்கடி போவ?”

தங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஓடை உண்டு, வழியெல்லாம் இருக்காது என்றார் மாமா. அம்மா உடனே இரண்டாகப் பிரித்தாள். தங்குமிடத்துக்கு வற்றிய சோறு. நடக்கும்போது தண்ணீர் கேட்காத தீனி: வறுத்த முந்திரி, கடலை உருண்டை, நெய்யில் பிசைந்து பிடித்த சத்துமாவு. எங்கள் பக்கத்தில் முந்திரிக்குப் பஞ்சமில்லை. கையளவு போதும், இரண்டு மணி நேரம் பசி தாங்கும் என்றாள். அது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “முந்திரிக் காட்டுல வேல பாத்தவளுக்குத் தெரியாதா?” என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் காட்டிலும் மேட்டிலும் திரிந்திருக்கிறாள் என்ற செய்தி, பட்டியலில் எந்தக் கட்டத்திலும் அடங்காததால் நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் முழுவதும் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே மாமாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிப்பீர்கள்? மேலே காலையில் பனி நிற்குமா? செருப்புப் போதுமா, ஷூ வேண்டுமா?

“கேக்குறதப் பாத்தா நீயே வந்துடுவ போலருக்குதே. வாயேன்க்கா,” என்றார் மாமா.

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்தார்.

“ஜங்ஷன் பாலம் ஏறுனாலே நடுவுல நின்னுட்டு மூச்சு வாங்குவா. இவளத் தூக்கறதுக்கு நாலு ஆளு வேணும் மச்சான்.”

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். “எனக்கென்னா தலையெழுத்தா, குளுருல போயி நடுங்க? அவுங்களுக்கு மூணு நாளும் நைட் டூட்டி. சோறு யாரு கட்டுறது?” என்று சொல்லிவிட்டு வறுத்துக்கொண்டிருந்ததைக் கிளறினாள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் அவள் பொட்டலம் கட்டினாள். ஒரு வேளைக்கு ஆளுக்கு ஒன்று. முதல் வேளைக்குரியதை வரிசையாகத் தரையில் வைத்திருந்தாள். நான் நோட்டோடு போய்ச் சரிபார்த்தேன்.

“ம்மா, நாலு பேருதான போறோம். அஞ்சு கட்டியிருக்கியே?”

அவள் பொட்டலங்களைப் பார்த்தாள். “ஆமால்ல. நாலுதான்,” என்றாள். ஐந்தாவதைப் பிரித்து டப்பாவில் திருப்பிக் கொட்டினாள். தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் மற்ற வேளைகளுக்கும் எண்ணிக் கொடுத்தேன்.

சாயங்காலம் மாமா தராசைத் தொங்கவிட்டார். என் பை மூன்று கிலோ இருநூறு காட்டியது. சோப்பைப் பாதியாக வெட்டினேன். ஒரு துண்டை எடுத்தேன். இன்னும் நூற்றுப்பத்து கிராம் கூடுதலாக இருந்தது. மாமா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு நின்றார். அத்தை, “புள்ளதானங்க, வுடுங்க,” என்றாள். அவர் விடுவதாக இல்லை. கடலை உருண்டையை எடுத்துவிடலாமா என்று கேட்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை வெளியே எடுத்தாள். சத்துமாவு உருண்டை நசுங்கக் கூடாதென்று அவளே வைத்தது. உருண்டைகளை ஒரு பிளாஸ்டிக் கவருக்கு மாற்றினாள். “சாப்பாட்டக் கவருல போட்டுக் குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத,” என்றாள். முள் மூன்றுக்கு ஒரு கோடு கீழே நின்றது. மாமா தலையசைத்தார். நான் குதித்த குதியில் தராசே கழன்று விழுந்தது.

மலையைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ், அடிவாரத்துக்கு இன்னொரு பஸ், அதற்கப்புறம் பாதை. பையை ஒரு முறைகூட யாரிடமும் கொடுக்கவில்லை. தங்கியது ஆளில்லாத ஒரு பள்ளிக்கூடத்தில். புளிச்சோறு கொதிநீரில் மலர்ந்தது. மாமாவின் தோழர் தன்னுடையதைத் தின்றுவிட்டு என்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தீனி எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எது நமத்தது என்பதெல்லாம் நோட்டில் இருந்தது. கடைசி நாள் மாமாவின் கொள்கை தோற்றது. தோழரின் சொந்தக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்துச் சாமைச் சோறு போட்டுவிட்டார்கள். அதனால் நாலு பொட்டலம் மீந்தது.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், அப்பா டூட்டிக்குக் கிளம்பிய பிறகு, அம்மா அதில் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“அங்க செஞ்ச மாரியே செய்யணும். எப்டின்னு சொல்லு.”

சொன்னேன். தண்ணீர் அளவு, கொதி, மூடி வைக்கும் நேரம். என் கணக்குப்படியே செய்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். எப்போதும் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அன்று மாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். தயாரிப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பரிசோதிக்கிறாள் போலும் என்று நானும் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு வாய் தின்றாள். “குளுரா இருந்துச்சா?”

“இருந்துச்சு. அதனால தண்ணி சீக்கிரம் ஆறிடுச்சு. பதினஞ்சு நிமிஷம் பத்தல, பதினெட்டு ஆச்சு.”

“காலைல பனி?”

“முந்திரி நமத்துப்போச்சு.”

தலையாட்டினாள். இன்னொரு வாய். “இதச் சாப்புடறப்போ எதுத்தாப்புல என்னா இருந்துச்சு?”

நான் யோசித்துப் பார்த்துச் சரியாகவே சொன்னேன். “மாமா இருந்தாரு.”

அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். தட்டை வழித்துத் தின்று முடித்து, எழுந்து, மாடிச் சுவரில் கையூன்றி மேற்கே பார்த்து நின்றாள். அந்தப் பக்கம் சூளைப் புகைபோக்கியும், இருட்டிக்கொண்டு வந்த வானமும்தான். கொடியில் துணி இல்லை. காய வைத்தது எதுவும் இல்லை. எதற்காக ஏறி வந்தோம் என்பதை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“என்னம்மா எடுக்கணும்?”

“ஒண்ணுமில்ல. நீ போ, வரேன்.”

நான் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.