ஏழு மணிப் பூசை

இளையோர் அணிக்கான தேர்வை ஞாயிறு காலை ஏழு மணிக்கு வைத்தது நான்தான். அந்த நேரத்தில் கடற்கரைப் பையன்கள் தங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன்.

எங்கள் கிரிக்கெட் கிளப்பின் மைதானம், இனயம் கடற்கரையிலிருந்து மேடேறி வந்தால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. கல்லூரி வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் அங்கே இளையோர் பிரிவைத் தொடங்கினேன். முதலில் வந்தவர்கள் என் பேரனும் அவனுடைய பள்ளித் தோழர்களும். பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, தென்னை நிழல்கள் நீண்டு ஆடுகளத்தைத் தொட்ட வேளையில், கடற்கரையிலிருந்து சில பையன்கள் செருப்பில்லாமல் வந்து எல்லைக்கோட்டில் நின்றார்கள். அவர்களில் ஒருவன் இடதுகைக்காரன். அவனிடம் பந்தைக் கொடுத்தேன்.

ஈர மணலில் பந்து எழும்பாது. அங்கே விளையாடி வளர்கிறவர்கள் அதனால் மட்டையாளனின் காலடியிலேயே பந்தை இறக்கப் பழகிவிடுகிறார்கள். அவன் ஓடி வருவது தெரியும், கை சுழல்வது தெரியும், பிறகு ஸ்டம்பு சாய்ந்து கிடக்கும். நடுவில் என்ன நடந்தது என்று இன்றும் அரைத்தூக்கத்தில் தேடுகிறேன். எங்கள் தொடக்க ஆட்டக்காரனான என் பேரனால் ஒரு பந்தைக்கூடத் தொட முடியவில்லை.

“லேய், அந்த மட்டைய கொண்டு போயி அடுப்புல வய்யி,” என்று அவன் தோழர்களே சிரித்தார்கள்.

பேரன் என் முகத்தைப் பார்த்தான். தேர்வில் இந்த இடதுகைக்காரன் பந்துவீசினால் பேரனுக்கு அணியில் இடமிருக்காது. அந்தி மங்குவதற்குள், மறுநாள் காலை ஏழு மணிக்குத் தேர்வு என்று அறிவித்துவிட்டேன்.

இடதுகைக்காரன் தயங்கித் தயங்கி வந்தான். “சாரே, ஏழு மணிக்கு எங்களுக்கு பூசை. எட்டரைக்கு ஓடி வந்திருவோம். போதுமா?”

“ஏழுன்னா ஏழுதான் மக்கா. எல்லாருக்கும் ஒரே சட்டம்.”

எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் ஆராதனை ஒன்பதரைக்குத்தான். எனக்கு அந்தச் சட்டத்தால் ஒரு நட்டமும் இல்லை. படகுகள் கடலுக்குப் போகாத அந்த ஒரு நாளில் பூசையைத் தவறவிடுவதோ அவர்கள் வீடுகளில் நடக்காத காரியம்.

மறுநாள் கோயில் மணியோசை காற்றோடு மேடேறி வந்து, புல்லில் பனி காயும்வரை மைதானத்தின் மேல் மிதந்துகொண்டே இருந்ததாக நினைவு. மணி அவ்வளவு நேரம் அடித்திருக்காது. பேரன் அழகாக ஆடினான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அவர்கள் மூச்சிரைக்க ஓடிவந்தபோது நான் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிடுங்கிய ஸ்டம்புகளைப் பார்த்தார்கள். திரும்பி இறங்கிப் போனார்கள். வெள்ளைச் சட்டைகள் தென்னைகளுக்கிடையே ஒவ்வொன்றாக மறைந்தன.

பேரன் மறு ஆண்டே மட்டையை மூலையில் சாய்த்துவிட்டுச் சென்னைக்குப் படிக்கப் போனான். மணியோசை மட்டும் ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் அது வந்த வழியிலேயே இறங்கிப் போனேன். இடதுகைக்காரன் இப்போது மீசை வைத்த ஆள், ஆழ்கடல் படகில் போகிறவன். கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தான். செய்ததைச் சொன்னேன்.

“அது அப்பவே தெரியும் சாரே,” என்றான், ஊசியை நிறுத்தாமல். “நீங்களும் கோயிலுக்கு போறவருதானே. பூச நேரம் தெரியாமலா இருக்கும்?”

“மைதானத்துக்கு வா மக்கா. இனி தேர்வு சாயங்காலந்தான்.”

“எனக்கு இனி என்னத்துக்கு? இந்த சின்னப் பயலுவளுக்கு வேணும்னா செய்யுங்க.” பழைய வலைத் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளினான்.

அந்த வலையைக் கம்புகளில் கட்டி, பூசை முடிந்த ஞாயிறுகளில் கரையிலேயே பயிற்சி வைக்கிறேன். அங்கே பழகிய சிறுவர்கள் இன்று கிளப்பின் இளையோர் அணியில் ஆடுகிறார்கள். படகு கரையில் இருந்தால் அவனும் வந்து பந்து போடுவான். ஒருமுறை என்னையே மட்டை பிடிக்கச் சொன்னான்.

“பாட்டா, கால பாத்துக்கிடுங்க,” என்று ஒரு பொடியன் கத்தினான்.

கை சுழல்வது தெரிந்தது. பிறகு ஸ்டம்பு மணலில் கிடந்தது. சிறுவர்கள் உருண்டு சிரித்தார்கள். அவன் நடந்து வந்து ஸ்டம்பை நட்டு, ஈர மணலைக் காலால் அணைத்தான்.

“இன்னொண்ணு போடட்டா சாரே?”

போடச் சொன்னேன். மைதானத்துக்கு மட்டும் அவன் இன்றுவரை வரவில்லை. நானும் பிறகு கூப்பிடவில்லை.