வாளில்லாத பல்லவ ராஜா

ரங்கூனில் எங்கள் கோயில் மண்டபத்தில் நடந்த தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் ஆளுக்கொரு மன்னராக மேடையேறினோம். சோழனுக்கு வாள், பாண்டியனுக்கு வேல். எனக்கு வாய்த்தவர் சமஸ்கிருதத்தில் நாடகம் எழுதிய பல்லவ ராஜா. கையில் எழுத்தாணி, அதுவும் மூங்கில் குச்சி.

“சயா, இவரு யாரையும் வெட்டலியா?” என்று வாத்தியாரைப் பர்மிய வழக்கப்படி கூப்பிட்டுக் கேட்டேன்.

“சண்டை எல்லாரும்தான் போடுவாங்க. ராஜாவா இருந்துக்கிட்டு ஜனங்க சிரிக்கணும்னு நாடகம் எழுதினாரு பாரு, அதான்டா பெரிசு.”

தமிழ்நாட்டில் உட்கார்ந்து வேறு பாஷையில் எழுதினார் என்பது மட்டும் பிடித்திருந்தது. ரங்கூன் வீதியில் பர்மியத்தில் வெளுத்துக்கட்டிவிட்டு, வீட்டுக்குள் தமிழுக்குத் தடுமாறுகிற என் கஷ்டம் அவருக்குப் புரிந்திருக்கும்.

அன்று முன்வரிசையில், ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த டாலாக்காரர்கள். வீட்டுக்கே வந்து வேண்டாமென்றால் அவமானம் என்று, விழா பார்க்க வந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பல் தெரியச் சிரிக்காதே என்று அக்காவுக்கு உத்தரவு. எனக்கு, “கோமாளித்தனம் பண்ணி இந்த எடமும் கெட்டுச்சு, தோலை உரிச்சிருவேன்.” சொன்னது அம்மா, செய்யக்கூடியவள்.

மேடை நடுவில் போய் நின்று, “வாளை வைத்தேன், எழுத்தாணி எடுத்தேன். என் மக்கள் சிரிக்கட்டும்!” என்று முழங்கினேன். அடுத்த வரி வரவில்லை. திரையோரம் நின்று அக்கா எடுத்துக் கொடுத்தது காதில் ஏறவில்லை.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்குக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் போனால் லுங்கியை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டுவான். நடுத்தெருவிலும் கட்டுவான். மூட்டிய லுங்கி, விழாது. என் கையும் பழக்கதோஷத்தில் இடுப்புக்குப் போனது. அவிழ்த்து உதறிய பிறகுதான் ராஜா கட்டியிருப்பது மூட்டாத பட்டுவேட்டி என்பது நினைவுக்கு வந்தது. பல்லவ சாம்ராஜ்யம் காலடியில் கிடந்தது. மிஞ்சியது கிரீடமும் பச்சை அரைக்கால் சட்டையும்.

அக்கா ஓடிவந்து வேட்டியைச் சுற்றினாள். “ராஜாவே, செத்த ஆடாம நில்லுங்க” என்றவள், அடக்க முடியாமல் மேடையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பல் அத்தனையும் தெரிந்தது. நான் அம்மா முகத்தை மட்டும் பார்த்தேன். பாய்ந்துபோய் மடப்பள்ளி அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, டாலாக்காரர்கள் சரி சொல்லிவிட வேண்டுமென்று மாரியம்மனைக் கும்பிட்டேன். போதாதென்று தெருமுனைப் புத்தரையும் கும்பிட்டேன்.

சரி என்றுதான் சொன்னார்கள். “எங்க வீடு ஊமையா கெடக்கு. இப்படிச் சிரிக்கிற பொண்ணுதான் வேணும்” என்றாராம் மாப்பிள்ளையின் அம்மா.

கல்யாணத்தை முடித்துவைத்தவன் நான்தான் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். பக்கத்து பர்மியர் வீடுகளில் கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே என் துணிகளை அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றி, மேல்தட்டைத் துடைத்துவைத்தேன்.

“மாமா சட்டையெல்லாம் இங்க வெச்சுக்கட்டும்க்கா. பத்துமா?”

அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். இடம் பத்தாது போலிருக்கிறது என்று அடித்தட்டையும் காலிசெய்ய ஆரம்பித்தேன்.