ஆட்டத்துக்கு முன்னால் ஓர் அடி

ஸ்மெதெரெவோ ஊரில் வெலிசாரிடம் அடி வாங்காத வீடு ஒன்றைக் காட்டுவது கஷ்டம். பதினாலு வயசில் கணக்கு வாத்தியாரின் மூக்கை உடைத்தான். அக்கா தெசான்காவின் கல்யாணத்தில், சூப் ஆறிப்போச்சு என்று முனகிய மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குத் தோள் எலும்பு போயிற்று. அந்த மாப்பிள்ளை இரண்டே வருஷத்தில் ஊரைவிட்டு ஓடினான், பெண்டாட்டிக்குப் பயந்தல்ல, மச்சானுக்குப் பயந்து. இரும்பாலையில் சுமை ஏற்றுகிற வேலை. சம்பள நாளன்று அவன் சாராயக் கடைக்குள் நுழைந்தால் பாதிப் பேர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு நழுவுவார்கள். இவனும் ஒரு மனுஷனா என்று தெசான்காவே வாய்விட்டுத் திட்டியிருக்கிறாள்.

அவனுக்கு முப்பத்தொன்று நடந்த ஆகஸ்டில் ஒருநாள், தன்யூப் ஆற்றங்கரையிலிருந்த அதே கடையில் அவனுடைய ஜன்னலோர நாற்காலியில் ஒப்ராட் உட்கார்ந்து மீன் சூப் குடித்துக்கொண்டிருந்தான். மாவை மெல்லிசாக இழுத்துப் புரெக் ரொட்டி சுடுகிறவன், ஒல்லி ஆள், யார் வம்புக்கும் போகாதவன். வெலிசார் நேரே அவனிடம் போனான். பின்னாலிருந்து தலைமுடியைப் பிடித்து முகத்தை மேஜையில் இரண்டு முறை மோதினான். அப்புறம் வெளியே இழுத்துப் போனான். கண்ணெல்லாம் ரத்தம் வழிந்து எதிரே எதுவும் தெரியாத ஒப்ராட், கையில் கிடைத்த இரண்டு முழங்கால்களையும் கட்டிப் பிடித்துத் தூக்கி எறிந்தான். குட்டைச் சுவரைத் தாண்டிப் படகுத்துறையின் கல்படிகளில் தலைகீழாக விழுந்தான் வெலிசார். கழுத்து முறிந்த சத்தம் கடைக்குள்ளே வரை கேட்டது.

வழக்கு நடந்தது. வெலிசாரைக் கட்டிலோடு நீதிமன்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். "முதலில் கை வைத்தது நீங்களா?" என்று நீதிபதி கேட்டார். "நான் அவனைத் தொடவே இல்லை" என்றான் வெலிசார். கடையிலிருந்த ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. படுத்துக் கிடப்பவனுக்கு எதிராக யார் சாட்சி சொல்வார்கள்? ஒப்ராட்டுக்கு மூன்று வருஷம் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் விட்டார்கள்.

வெலிசாருக்குக் காலும் போயிற்று, விரல்களும் போயின. தோளும் முழங்கையும் மிஞ்சின. மாற்றுத்திறனாளிகள் மன்றத்தில் டேபிள் டென்னிஸ் ஆடச் சொன்னபோது, "சின்னப் பசங்க விளையாட்டு" என்று துப்பினான். ஆனால் அதில் ஒருவனை எதிரே உட்கார வைத்து அடிக்கலாம் என்று தெரிந்ததும் விடவில்லை. விரல் மடங்காதவர்களுக்கு மட்டையைக் கையோடு வைத்துத் துணியால் சுற்றிக் கட்டுவார்கள். தெசான்கா கட்டினாள். தம்பிக்கு வலிக்குமே என்று தளர்த்திக் கட்டினாள். முதல் போட்டியிலேயே மட்டை பறந்துபோய் நடுவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

அந்த வாரம்தான் ஒப்ராட், சிறையிலிருந்து வந்து மூன்றாம் நாள், தட்டு நிறையப் புரெக்கோடு வாசலில் வந்து நின்றான்.

"எதுக்குடா வந்தே? சாவு விசாரிக்கவா?"

"ராத்திரியெல்லாம் அந்தச் சத்தம்தான் காதுல கேக்குது. ஏதாவது செய்யச் சொல்லு, செய்யறேன்."

"என் விரலை ஒடிச்சவன் நீ. இனிமே நீதான் என் விரல். வந்து கட்டு. ரத்தம் நிக்கிற மாதிரி இறுக்கிக் கட்டு. கட்டி முடிச்சதும் ஒரு அடி அடிப்பேன். வாங்கிக்கிறியா?"

"வாங்கிக்கறேன்" என்றான் ஒப்ராட்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. செவ்வாய், வெள்ளி, அப்புறம் போட்டி நாட்கள். ஒப்ராட் சக்கர நாற்காலிக்கு முன்னால் மண்டியிடுவான். மாவை இழுத்துப் பழகிய கை, ஒரு சுருக்கம் விழாமல் துணியைச் சுற்றும். கட்டி முடித்துக் கண்ணை மூடி முகத்தை நீட்டுவான். வெலிசார் தோளிலிருந்து கையை வீசி மட்டையின் விளிம்பால் கன்னத்தில் ஒன்று வைப்பான். அப்புறம்தான் ஆட்டம். மன்றத்துக்காரர்கள் முதலில் பதறினார்கள், பிறகு திரும்பிக்கொண்டார்கள், கடைசியில் கிண்டல் பண்ணவும் ஆரம்பித்தார்கள். "என்ன ஒப்ராட், இன்னைக்குப் பூசை ஆச்சா?" வெட்கங்கெட்ட கூட்டம்! ஏழு வருஷம் இப்படியே ஓடியது. அடித்துவிட்டு ஆடினால் ஜெயித்தான். அடிக்காமல் ஆடியதே இல்லை. நாட்டில் மூன்றாம் இடம் வரை வந்துவிட்டான்.

நோவி சாட் நகரில் தேர்வு ஆட்டம் வந்தது. ஜெயிப்பவன் நாட்டுக்காக ஐரோப்பியப் போட்டிக்குப் போவான். வெலிசாருக்கு வயது நாற்பத்தொன்று, இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டு ஒப்ராட் காபி வாங்கப் போனபோது, தெசான்கா முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.

"டேய், ஒப்ராட் பெண்டாட்டி புரெக் கடையில அழுதா. இடது கண்ணுக்குள்ள ஏதோ கிழிஞ்சிருக்காம். இன்னும் ஒரு அடி விழுந்தா பார்வை போயிடும்னு டாக்டர் சொல்லியாச்சாம்."

"அவன் என்கிட்ட சொல்லலையே."

"உன்கிட்ட யாருடா எதைச் சொல்ல முடியும்? ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இன்னைக்கு அவனை அடிச்சே, நாளையிலேருந்து உன்னைக் குளிப்பாட்ட வேற ஆளைப் பார்த்துக்கோ."

அரங்கத்தில் ஒப்ராட் மண்டியிட்டுக் கட்டினான். முகத்தை நீட்டினான். இடது கண் செக்கச் சிவந்து நீர் கோத்திருந்தது. வெலிசாரின் கை மேலே போயிற்று, அப்படியே மடியில் விழுந்தது.

"எழுந்திரு."

"அடிக்கலையா?"

"எழுந்திருடான்னேன்."

எதிரே சுபோட்டிட்சா ஊர்க்காரன் இஷ்ட்வான், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஆடினான். வெலிசாரின் கை தன் கை மாதிரியே இல்லை. முதல் சுற்று நாலுக்குப் பதினொன்று என்று போயிற்று. அடுத்தது ஐந்துக்குப் பதினொன்று. ஐந்து சுற்றில் இன்னும் ஒன்று போனால் எல்லாம் முடிந்தது. இடைவேளையில் ஒப்ராட் தண்ணீரோடு வந்தான்.

"என்னடா கை இப்படித் துவளுது? செத்துப் போயிட்டியா?"

"உன் கண்ணைப் பத்தி அக்கா சொன்னா. அதான் அடிக்கல."

ஒப்ராட்டின் முகம் சுண்டிப்போயிற்று. "பாவம் பார்த்தியா? நீயா? என்னையா?" தண்ணீர்ப் புட்டியைக் கீழே போட்டான். "ஏழு வருஷம் என் மூஞ்சியை உரிச்சு எடுத்துட்டு, இன்னைக்குத் தோத்துட்டு எனக்கு நல்லவன் வேஷம் காட்டறியா? அப்போ நான் வாங்கினதெல்லாம் தண்டமாடா?"

பளார் என்று ஓர் அறை. நாற்காலியே ஆடியது.

கழுத்து முறிந்த நாளிலிருந்து வெலிசாரை யாரும் தொட்டு அடித்ததில்லை. நர்சுகள், அக்கா, பழைய குடிகார நண்பர்கள், எல்லாருமே குரலைத் தாழ்த்தி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி நடத்தினார்கள். இப்போது காது ரீங்காரமிட்டது, பல்லில் ரத்தம் உப்புக் கரித்தது. அப்பாடா! அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னொண்ணு குடுடா."

"போய் ஆடு, நாயே."

நடுவர் மதிப்பெண் தாளில் குனிந்திருந்தார். சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டது. மூன்றாவது சுற்றில் வெலிசார் ஆடினானே, அதல்லவா ஆட்டம். வலையை ஒட்டி வெட்டிப் போட்ட பந்து அந்தப் பக்கம் விழுந்த வேகத்தில் இவன் பக்கமே திரும்பி வந்தது. நாற்காலியிலிருந்து எட்டி எட்டி இஷ்ட்வானுக்கு விலா வலித்தது. விதைப் பொட்டலம் கீழே கொட்டியது. ஒவ்வொரு புள்ளிக்கும் வெலிசார் தொண்டை கிழியக் கத்தினான். பதினொன்றுக்கு மூன்று. இஷ்ட்வானின் பயிற்சியாளர் பயந்துபோய், அந்த அறையைப் பற்றிச் சொல்லத் தலைமை நடுவரிடம் ஓடினார்.

நரைத்த தலையோடு தலைமை நடுவர் அம்மாள் வந்து ஆட்டத்தை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் வந்தார்.

"இவர் உங்களை அடிச்சாரா?"

"அடிச்சான்."

"ஏற்கெனவே ஒரு வழக்குல உள்ளே போனவராமே. நீங்க இவரை ஏதாவது பண்ணினீங்களா?"

வெலிசார் அவரை ஏறிட்டுப் பார்த்தான். "ஒண்ணும் பண்ணலைன்னு சொன்னா?"

"அவர் போலீஸோட போவார். நீங்க ஆட்டத்தைத் தொடரலாம்."

தோள் கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே இஷ்ட்வான் மட்டையை மேஜையில் போட்டுவிட்டுப் பயிற்சியாளரையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டே சுற்று. ஒப்ராட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தக் கேள்விக்கு வெலிசார் என்ன சொல்வான் என்று அவனுக்குத் தெரியும். நீதிமன்றத்தில் ஒருமுறை கேட்டிருக்கிறானே.

"ஏழு வருஷமா அவனை அடிக்கறேன் மேடம்" என்றான் வெலிசார். "வாரத்துக்கு ரெண்டு தடவை, இதே மட்டையால. அந்தக் கண்ணு என் வேலைதான். எழுதிக்குங்க. இன்னொண்ணும் எழுதுங்க. பத்து வருஷத்துக்கு முன்னால ஆத்தங்கரையில முதல்ல கை வச்சவனும் நான்தான். கோர்ட்ல பொய் சொன்னேன்."

"அது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்."

"உங்களுக்கில்ல மேடம். எழுதுங்க."

அவர் எழுதினார். அடிவாங்குகிறவனைத் தண்டிக்க முடியாது, அடிக்கிறவனை ஆட விட முடியாது என்று சொல்லி, வெலிசாரைப் போட்டியிலிருந்து நீக்கினார். இஷ்ட்வான் ஐரோப்பியப் போட்டிக்குப் போகிறான் என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

வண்டி நிறுத்துமிடம் வரை ஒப்ராட் நாற்காலியைத் தள்ளி வந்தான். வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு முன்னால் வந்து நின்றான்.

"ஜெயிச்சிருப்பியேடா."

"ஆமா."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, எங்கம்மா செத்தப்போ நான் வீட்ல இருந்திருப்பேன். ஜெயில்லேருந்து சங்கிலியோட கூட அனுப்பல என்னை. மண்ணு போடக்கூட அனுப்பலடா."

வெலிசார் கண்ணை மூடி முகத்தை நீட்டினான்.

ஒப்ராட் அடித்தான். மறுபடி அடித்தான். கை ஓய்கிற வரை அழுதுகொண்டே அடித்தான். தெசான்கா வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, விலக்கப் போகாமல் நின்றாள்.