அவசரப்படாத இன்வெர்ட்டர்கள்

"அண்ணி, உங்களுக்கு ஆபீஸ்ல என்ன வேலை?" கல்யாணமான புதிதில், சாப்பாட்டு மேசையில், நாத்தனார் கேட்டது அவ்வளவுதான்.

"கா-காத்துலயும் வெயில்லயும் வர்ற கரண்ட்டை..." என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"சேமிச்சு வைக்கிறது," என்றார் அப்பா.

"அது பேட்டரிப்பா. இவ கரண்ட்டுக் கம்பியைக் கட்டி மேய்க்கிறா," என்றான் அண்ணன்.

"கம்பியா? மழை நாள்ல லீவு போட்டுடும்மா," என்றாள் அம்மா.

அண்ணிக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்துதான் சிக்கும். கொஞ்சம் பொறுத்தால் மீதி கடகடவென்று வந்துவிடும். பொறுக்கத்தான் அந்த வீட்டில் ஆளில்லை. ஆளாளுக்கு வாக்கியத்தைப் பிடுங்கி முடித்துவைப்பார்கள், எல்லாம் பாசத்தில்தான். அண்ணி சிரித்துவிட்டுச் சாப்பிடுவாள். பேசாமடந்தை என்று பெயரெடுத்த நாத்தனாருக்கு அன்று கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

பதில் கிடைத்தது, மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று, அந்த வேலை பார்க்கும் அவளை அண்ணியின் மின்நிலையத்திலிருந்தே கூப்பிட்டபோது. நீண்ட மின்கம்பியின் கடைக்கோடியில் காற்றாலைகள், சூரியத் தகடுகள். அவை தரும் மின்சாரத்தை ஊர்க் கம்பிக்கு ஒத்துப்போகும்படி மாற்றித் தர, பீரோ பீரோவாக இன்வெர்ட்டர்கள். எப்போது எவ்வளவு தர வேண்டும் என்று அவற்றுக்கு நடத்தை சொல்லித் தருபவள் அண்ணி.

கொஞ்ச நாளாக அவை அடங்கவில்லை. ஒரு மேகம் கடந்தால் போதும், வோல்டேஜ் இறங்கும். உடனே எல்லா இன்வெர்ட்டரும் சேர்ந்து தூக்கும், எக்கச்சக்கமாக ஏறும். எல்லாம் சேர்ந்து இறக்கும். ஊர் விளக்குகள் கண்ணடிக்கும், கடைசியில் நிலையமே நின்றுபோகும். இன்னொரு முறை நின்றால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று மின்வாரியம் சொல்லிவிட்டது.

இன்வெர்ட்டர் கம்பெனியிலிருந்து வந்த நிபுணருக்கு இவர்கள் மொழி தெரியாது. இன்னும் வேகமாகப் பாய்ந்து வோல்டேஜைப் பிடிக்கும்படி அமைத்தால் சரியாகிவிடும் என்றார் அவர். நாத்தனார் அதை மொழிபெயர்த்ததும் மேனேஜர் தலையாட்டினார்.

"இ-இல்ல சார். வே..." அண்ணிக்குச் சிக்கிக்கொண்டது.

மேனேஜர் வாயெடுத்தார். நாத்தனாருக்கும் நாக்கு நுனியில் ஒரு வார்த்தை துடித்தது. ஆனால் சொல்லாததை எப்படி மொழிபெயர்ப்பது?

"சார், அவங்க இன்னும் முடிக்கல," என்றாள். அன்று அவள் சொந்தமாகப் பேசிய முதல் வாக்கியம்.

அறை காத்திருந்தது.

"வேகம்தான் சார் வினையே. ஒருத்தன் தூக்குறது தெரியாம எல்லாரும் தூக்குறாங்க. ஆளுக்குக் கொஞ்சம், அதுவும் மெதுவா தூக்கட்டும். மீதிக்குப் பக்கத்துல இருக்கிறவனை நம்பட்டும்."

நாத்தனார் மொழிபெயர்த்து முடித்ததும் நிபுணர் தாடையைத் தடவினார். சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். அண்ணி அமைப்பை மாற்றினாள். வழக்கமாக மேகத்தைத் திட்டும் கூட்டம் அன்று ஜன்னலில் தொங்கியபடி "வா ராசா" என்று அதைக் கெஞ்சியது. கொழுத்த மேகம் ஒன்று வந்தே விட்டது. திரையில் கோடு இறங்கியது. மேனேஜர் நாற்காலிக் கையை நெரித்தார். கோடு சோம்பல் முறித்தபடி ஏறி, பழைய இடத்தில் நின்றது. விளக்கு இமைக்கவில்லை.

நிபுணர் ஏதோ கேட்டார்.

"இவங்களைத் தன்னோட கம்பெனிக்கு அனுப்புவீங்களான்னு கேக்குறார்," என்றாள் நாத்தனார்.

"மாட்டோம்னு சொல்லும்மா!" என்றார் மேனேஜர்.

சாயங்காலம் மறுபடி அதே மேசை.

"பெரிய மேகமாமே!" என்றார் அப்பா.

"இவ ஒரு பட்டனைத் தட்டினா பாரு..." என்றான், நிலையத்துப் பக்கமே போகாத அண்ணன்.

"கம்பத்துல எல்லாம் ஏறலையே?" என்றாள் அம்மா.

அண்ணி வாயைத் திறந்து மூடினாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, ஒ-ஒரு உதவி. எனக்காக நீ எதையும் சொல்ல வேண்டாம். அங்க மேனேஜர்கிட்ட சொன்னியே ஒண்ணு, அதை மட்டும் இங்கேயும் ஒரு தடவை சொல்லிடேன்."